வில்லங்கமானவள் என்று யாரைச் சொன்னோம்

கிளியனூரில் மல்லாட்டை ஆயும் களத்தில் சண்டை வந்தால், ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கும் கேட்கும். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, எங்கள் விழுப்புரம் பக்கத்துப் பேச்சு. பிடுங்கிய செடியைக் குவித்துவைத்துச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் காயை ஆய்வார்கள். ஆய்ந்ததை அளந்துதான் கூலி. அளவு நிறைய வேண்டும் என்று ஒருத்தி காம்போடும் பிஞ்சோடும் சேர்த்துப் போடுவாள். பக்கத்தில் இருப்பவள் பார்த்துவிடுவாள். அப்புறம் அம்மா, பாட்டி, புருஷன், பத்து வருஷத்துக்கு முன்னால் திருப்பித் தராத சீட்டுப் பணம் வரைக்கும் வரும். நிலத்துக்காரர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் போய் யாரும் சொல்ல மாட்டார்கள். சாயங்காலம் அதே இரண்டு பேரும் ஒரே வெற்றிலையைக் கிள்ளிப் பகிர்ந்துகொண்டு வீட்டுக்கு நடப்பார்கள்.

சின்ன வயதில் அம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "சண்ட போடலன்னா எப்படி கூட வேல செய்யறது?" என்றார். அப்போது அது எனக்குப் புரியவில்லை. படித்த பிள்ளை நான். சண்டை போடாத இடத்தில் வேலை பார்க்க வேண்டும் என்றுதான் படித்தேன்.

திண்டிவனத்தில் பி.காம். முடித்துவிட்டு, 2018-இல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு தீம் பார்க்கில் வேலைக்குச் சேர்ந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். இது அந்த ஒரு பார்க்கின் கதை மட்டும் அல்ல. பதினொரு மாதம் இருந்தேன். அங்கே யாரும் சத்தம் போட்டுச் சண்டை போடக் கூடாது. வருகிறவர்கள் சந்தோஷத்தைக் காசு கொடுத்து வாங்க வருகிறார்கள், நாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று முதல் நாளே வகுப்பெடுத்தார்கள். 'கஸ்டமர்' என்று சொல்லக் கூடாது, 'கெஸ்ட்' என்று சொல்ல வேண்டும். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றும் சொன்னார்கள். குடும்பம் என்ற வார்த்தையைக் கேட்டால் ஆண்பிள்ளைகளுக்கு என்ன தோன்றுமோ தெரியாது. எனக்கு 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்றுதான் காதில் விழுந்தது.

எனக்குக் காஸ்ட்யூம் கவுன்டர். தண்ணீர் விளையாட்டுப் பகுதியில் பருத்தித் துணியோடு இறங்கக் கூடாது. நைலான் உடை வாடகைக்குக் கொடுப்போம். டெபாசிட் வாங்கி, அளவு பார்த்துக் கொடுத்து, ஈரத்தோடு திரும்பி வருவதை எண்ணி, டெபாசிட்டைத் திருப்ப வேண்டும். கணக்கில் குறைந்தால் எங்கள் சம்பளத்தில். ஞாயிற்றுக்கிழமையும் மே மாதமும் காலை பத்தரையிலிருந்து ஆறு மணி வரை கால் தரையிலேயே ஊன்றி நிற்கும். கவுன்டருக்குப் பின்னால் நாற்காலி கிடையாது. உட்கார்ந்திருந்தால் சோம்பேறித்தனமாகத் தெரியுமாம்.

அந்தக் கவுன்டரில் மூன்று பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலாவது, எங்களுக்கு மூத்த ஓர் அக்கா. வானூர் தாலுகாக்காரர், ஏறக்குறைய என் ஊர்ப் பக்கம். எல்லோரும் அவரை 'வில்லங்கம்' என்பார்கள். சேர்ந்த முதல் வாரமே, "அவங்ககிட்ட பாத்து இரு" என்று எனக்கு எச்சரிக்கை வந்துவிட்டது. அவர் செய்த வில்லங்கம் என்னவென்றால், கேள்வி கேட்பது. பி.எஃப். பிடிக்கிறார்களே, நம்பர் எங்கே? எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்றதற்குக் காசு எங்கே? பிறகு அந்த ஸ்டூல். கவுன்டருக்கு இரண்டு ஸ்டூல் போடுங்கள், கூட்டம் இல்லாதபோது மாற்றி மாற்றி உட்காருகிறோம் என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சூப்பர்வைசரிடம் கேட்பார். மெதுவாகக் கேட்க மாட்டார்.

இரண்டாவது, பக்கத்து ரைடில் ஓர் ஆபரேட்டர் பையன். தங்கமான பையன் என்று எல்லோரும் சொல்வார்கள். யாருக்கு ஷிஃப்ட் மாற்ற வேண்டுமானாலும் அவன் ஒத்துக்கொள்வான். டீ வாங்கிக் கொடுப்பான். சிரித்த முகம். ரைடில் பாதுகாப்புக் கம்பியை இறக்கிச் சரிபார்க்கும் வேலைக்குப் பயிற்சிக்கு வந்த மூன்று பெண்களிடம் அவன் கை எங்கெங்கே போனது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெண்கள் யாரிடமும் சொல்லவில்லை. 'தங்கமான பையன்' என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர்கள் எங்கே போய்ச் சொல்வார்கள்?

மூன்றாவது, என் அறைத் தோழி. ஆறு பேர் தங்கிய அறையில் எனக்கு அடுத்த பாய். ராத்திரி நாங்கள் பேசுவதெல்லாம் காலையில் சூப்பர்வைசருக்குத் தெரிந்திருக்கும். யார் வேறு வேலை தேடுகிறாள், யாருக்கு டெபாசிட் கணக்கில் இருபது ரூபாய் கூட வந்தது, எல்லாம்.

'சிக்கலான சக ஊழியரைச் சமாளிப்பது எப்படி' என்று சொல்லித்தரும் புத்தகங்களும் பயிற்சி வகுப்புகளும் ஏராளம். எல்லாமே சிக்கல் என்பது அந்த ஆளின் குணம் என்று எடுத்துக்கொண்டு தொடங்குகின்றன. ஒருத்திக்குச் சர்க்கரை வியாதி இருப்பதுபோல அவளுக்குச் 'சிக்கல்' இருக்கிறது, நாம் அதற்கு மருந்து தேட வேண்டும். என் கேள்வி அதற்கு முந்தியது. சிக்கல் யாருக்கு? அந்த அக்கா சூப்பர்வைசருக்குச் சிக்கல். அந்தப் பையன் சூப்பர்வைசருக்குச் சிக்கலே இல்லை, மூன்று பெண்களுக்குச் சிக்கல். என் அறைத் தோழி சூப்பர்வைசருக்கு உதவி, எங்களுக்குச் சிக்கல். எங்கள் மூவரைப் பற்றியும் பார்க்கில் புழங்கிய பெயர்கள் யார் நின்ற இடத்திலிருந்து வைக்கப்பட்டவை என்று பார்த்தால், எல்லாம் ஒரே இடத்திலிருந்துதான். அந்தப் பெயர்களை நாங்கள் எங்கள் வாயால் சொன்னோம்.

ஆனால் இதை இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. அக்கா மேல் எங்களுக்கு இருந்த கோபம் யாரோ சொல்லிக்கொடுத்து வந்தது அல்ல. அவர் ஸ்டூல் கேட்ட ஒவ்வொரு முறையும் எங்கள் எல்லோருடைய டீ நேரமும் பத்து நிமிடத்திலிருந்து ஐந்தாகும். அவர் ஓவர்டைம் கேட்ட வாரம், எல்லோருடைய வார விடுமுறையும் தள்ளிப்போகும். கேட்டது ஒருத்தி, விலை கொடுத்தது ஏழு பேர். விலையை வைத்தது யார் என்பது கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்தது அக்காவின் குரல்தான். கால் வலிக்க நின்றுகொண்டிருக்கும்போது, "இவங்க வாய மூடிட்டு இருந்தா என்ன?" என்று தோன்றுவது பொய்யான உணர்ச்சி இல்லை. அது உண்மையான வலி, தவறான விலாசத்துக்குப் போனது.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983-இல் எழுதிய புத்தகத்தில் விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்தார். சிரிப்பும் கனிவும் அங்கே வேலையின் ஒரு பகுதி, சம்பளத்துக்கு விற்கப்படுபவை. இதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயர் வைத்தார். கத்துகிற பயணியைக் குழந்தை மாதிரி நினைத்துக்கொள், அவனுக்கு என்ன கஷ்டமோ என்று நினைத்துக்கொள் என்று அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்களாம். எங்களுக்கும் ஏறக்குறைய அதேதான். இதில் நான் கவனித்தது வேறு. டெபாசிட் ரசீதைத் தொலைத்துவிட்டு என்னைத் திருடி என்று கத்தியவரிடம் நான் காட்டிய பொறுமையில் பாதியைக்கூட அக்காவிடம் காட்டியதில்லை. கெஸ்ட்டுக்கு என்ன கஷ்டமோ என்று நினைக்கச் சம்பளம் தந்தார்கள். அக்காவுக்கு என்ன கஷ்டம் என்று நினைக்க யாரும் தரவில்லை. நாள் முழுக்கச் சிரித்துத் தீர்த்த பிறகு மிஞ்சிய கசடு எல்லாம் பக்கத்தில் நின்றவள் தலையில் கொட்டியது.

இதே சாலையில் இஞ்சம்பாக்கம் வி.ஜி.பி.யில் ஒரு சிலை மனிதர் உண்டு. பள்ளிச் சுற்றுலா போன எல்லோருக்கும் அவரைத் தெரியும். காவலாளி உடையில் மணிக்கணக்கில் அசையாமல் நிற்பார், சிரிக்க மாட்டார். அவரைச் சிரிக்கவைக்க ஜனங்கள் என்னென்னவோ செய்வார்கள். நானும் பத்தாம் வகுப்பில் போய் முகத்தைக் கோணலாக்கிக் காட்டியிருக்கிறேன். கவுன்டரில் நிற்கும்போது அவர் நினைவு வரும். அவருக்குச் சிரிக்காமலிருக்கச் சம்பளம், எனக்குச் சிரித்துக்கொண்டிருக்க. ஆண் அசையாமல் நின்றால் அது வித்தை, ஜனங்கள் கூடிப் பார்க்கிறார்கள். பெண் எட்டு மணி நேரம் நின்றால் அதை யாரும் பார்ப்பதே இல்லை.

டிஸ்னிலேண்டில் ரைடு ஆபரேட்டராக இருந்து பிறகு பேராசிரியரான ஜான் வான் மானன் 1991-இல் அந்த வேலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அங்கேயும் ஊழியர்களுக்குள் மேல் கீழ் உண்டு; எந்த ரைடு என்பதை வைத்து மரியாதை, தீனி விற்கிறவர்கள் அடியில். அவர்களுக்குக் கேலிப் பெயர்கள் வேறு. படித்தபோது நமக்குப் பழகின ஊர் மாதிரியே இருந்தது. எங்கள் பார்க்கில் பெரிய ரைடு ஆபரேட்டர்கள் மேலே. டிக்கெட் கவுன்டர் அதற்கடுத்து. நாங்கள் ஈர உடையைத் தொடுகிறவர்கள், அதற்குக் கீழே. கழிப்பறை சுத்தம் செய்கிறவர்கள் எல்லோருக்கும் கீழே, தனியாகச் சாப்பிட்டார்கள். அமெரிக்கப் பேராசிரியர் எழுதாத ஒன்று எங்களிடம் கூடுதலாக இருந்தது. யார் எங்கே நிற்கிறார் என்பதற்கும், யார் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்பதற்கும் தொடர்பு இருந்தது.

அக்கா காலனிக்காரர். நான் ஊர்த்தெரு. கவுன்டரில் இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "அவங்க பேச்சே அப்படித்தான்" என்பார்கள். "திமிரு" என்பார்கள். இதே கேள்விகளை டிக்கெட் கவுன்டரில் ஒரு பெண் கேட்டபோது, "தைரியமான பொண்ணு" என்றார்கள். அந்த வித்தியாசம் என் காதில் விழுந்தது. விழுந்தும் விழாததுபோல இருந்தேன். இன்னொன்று மிகத் தாமதமாகத்தான் உறைத்தது. மே மாத வெயிலில் யாருடைய தண்ணீர் பாட்டிலை வேண்டுமானாலும் எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தோம். அக்காவின் பாட்டில் மட்டும் மாலை வரை அவர் வைத்த இடத்திலேயே இருக்கும். நானும் எடுத்ததில்லை. எடுக்கக் கூடாது என்று நினைத்ததும் இல்லை. நினைக்கவே தேவையில்லாமல் கை அந்தப் பக்கம் போகவில்லை.

ஒன்பதாம் மாதம் ஒரு காகிதம் வந்தது. 'இவருடைய நடத்தையால் எங்களுக்கு வேலை செய்ய இடைஞ்சலாக இருக்கிறது' என்று டைப் செய்து, கீழே கையெழுத்துப் போட இடம். ஏழு பேர் போட்டோம். ஐந்தாவது கையெழுத்து என்னுடையது. யாரும் மிரட்டவில்லை. பேனா கையிலிருந்து கைக்கு வந்தது. அடுத்த திங்கட்கிழமை அக்கா வரவில்லை.

இதில் எனக்குச் சௌகரியமான ஒரு விளக்கம் இருக்கிறது. நிர்வாகம் எங்களைப் பிரித்தது, பயம், மாதச் சம்பளம், வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணம். எல்லாம் உண்மை. ஆனால் இதே விளக்கத்தை என் அறைத் தோழிக்கு நான் கொடுக்கத் தயாராக இருந்தேனா? அவளுக்கும் வீட்டில் கடன். அவள் காட்டிக்கொடுத்ததற்குக் கிடைத்தது வெயில் படாத லாக்கர் கவுன்டர். அவளை நான் 'கூட இருந்தே குழி பறிக்கிறவள்' என்றேன், குணம் கெட்டவள் என்றேன். என்னைப் பற்றிப் பேசும்போது சூழ்நிலை. அவளைப் பற்றிப் பேசும்போது குணம். இந்தத் தராசு நேராக இல்லை. இரண்டில் ஒன்றுதான் செய்யலாம். சூழ்நிலை என்றால் இருவருக்கும் சூழ்நிலை. பொறுப்பு என்றால் இருவருக்கும் பொறுப்பு. நான் இரண்டாவதை எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் ஏழு பேரும் இருந்த அதே சூழ்நிலையில் எட்டாவதாக ஒருத்தி இருந்தாள். வீட்டில் இரண்டு தங்கைகள், அப்பா இல்லை. "எனக்கு அவங்கள புடிக்காது, ஆனா இதுல போட மாட்டேன்" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த வாக்கியத்தில்தான் இந்தக் கட்டுரை சிக்கிக்கொண்டு நிற்கிறது. பெண்ணியக் கூட்டங்களில் சகோதரித்துவம் என்று பேசுகிறோம். நல்ல வார்த்தைதான். ஆனால் அது அன்பை முன்னிபந்தனை ஆக்கிவிடுகிறது. அன்பு வந்தால்தான் சேர்ந்து நிற்க முடியும் என்றால், பிடிக்காதவளோடு சேர்ந்து நிற்க முடியாது. வேலையிடத்தில் பாதிப் பேரை நமக்குப் பிடிக்காது, அவர்களுக்கும் நம்மைப் பிடிக்காது. உடனே யாராவது ஒருவர், "பொண்ணுக்குப் பொண்ணுதான் எதிரி" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். ஆண்கள் அடித்துக்கொண்டால் அது தொழில் போட்டி, நாம் முறைத்துக்கொண்டால் அது பெண் ஜென்மத்தின் குணம். எட்டாவது பெண்ணிடம் அன்பு இல்லை, சகோதரித்துவமும் இல்லை. அக்காவின் குரல் அவளுக்கு எரிச்சல்தான். அவளிடம் இருந்தது சின்னதாக ஒரு கோடு: நமக்குள் இருப்பதை நமக்கு மேலே இருக்கிறவர் கையில் கொடுக்க மாட்டேன். மல்லாட்டைக் களத்தில் நிலத்துக்காரர் நின்ற வரப்புக்கு யாரும் போகாததும் அதுதான்.

அப்படியானால் யாரைப் பற்றியும் மேலே சொல்லவே கூடாதா? இங்கேதான் கோடு வளைகிறது. கம்பியைச் சரியாக இறக்காமல் ரைடை ஓட்டுகிற ஆபரேட்டரைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால், விலை கொடுப்பது சீட்டில் இருக்கிற குழந்தை. அந்தத் தங்கமான பையனைப் பற்றிச் சொல்லாமல் இருந்ததற்கு விலை கொடுத்தது அடுத்து வந்த பயிற்சிப் பெண். என் மௌனத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால் ஓரளவு தெளிவு வருகிறது. முழுத் தெளிவு வரவில்லை. 'எனக்கு மட்டும்தானே கஷ்டம், பொறுத்துக்கொள்கிறேன்' என்று சொல்லத்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். அந்த மூன்று பெண்களில் ஒவ்வொருத்தியும் அப்படித்தான், தனக்கு மட்டும் நடந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

சட்டம் இருந்தது. ராஜஸ்தானில் பன்வாரி தேவிக்கு 1992-இல் நடந்த கொடுமையும், அதையொட்டி 1997-இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் தந்த தீர்ப்பும், 2013-இன் சட்டமும் உங்களில் பலர் பாடத்தில் படித்திருப்பீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு வேண்டும், தலைமை ஒரு பெண்ணிடம் இருக்க வேண்டும். தினக்கூலி, ஒப்பந்தம், பயிற்சி எல்லோருக்கும் அது பொருந்தும். வெளியிலிருந்து வருகிறவர்களிடமிருந்து பாதுகாப்பதும் முதலாளியின் கடமை. வேவ் பூலில் நிற்கும் பெண்களுக்கு இது முக்கியம். மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். எங்கள் பார்க்கில் அந்த அறிவிப்பு ஒட்டியும் இருந்தது, ஈர உடை போடும் டிரம்முக்குப் பின்னால். ஆனால் அதே சட்டத்தில் உள்நோக்கத்தோடு தரும் பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு என்ற பிரிவும் இருக்கிறது. வந்த அறிவுரையெல்லாம் அந்த ஒரு பிரிவைப் பற்றித்தான். அக்காவைப் பற்றி ஏழு பேர் கையெழுத்துப் போட்ட காகிதத்துக்கு ஒரு ஆதாரமும் யாரும் கேட்கவில்லை.

அந்த மூன்று பெண்களில் ஒருத்தி முதன்முதலில் வாய் திறந்தது யாரிடம் தெரியுமா? வில்லங்கமானவரிடம்தான். அக்கா நேராகப் போய் அந்தப் பையனிடம், நாலு பேர் பார்க்க, கத்தினார். கெஸ்ட்டுகள் திரும்பிப் பார்த்தார்கள். காகிதம் வந்தது அதற்கு மூன்று வாரம் கழித்து. இதை நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல ஆசை. கத்தல் எங்கள் கவுன்டர் வரை கேட்டது. எதற்காக என்று நான் விசாரிக்கவில்லை.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் கழிப்பறைக்காகவும் உட்காருவதற்காகவும் பல வருடம் போராடினார்கள். விஜி என்ற தையல் தொழிலாளி தொடங்கிய 'பெண்கூட்டு' அமைப்பு அதில் முன்னால் நின்றது. 2018-இல் கேரளம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது: எல்லா ஊழியருக்கும் உட்கார வசதி இருக்க வேண்டும். 1947-இன் அந்த மூலச் சட்டம் பொதுக் கேளிக்கை இடங்களையும் சேர்த்துத்தான் பேசுகிறது. அதாவது எங்கள் கவுன்டரும் அடக்கம். அக்கா கேட்ட ஸ்டூல், மூன்று வருடம் கழித்து, அரசாணை மொழியில் வந்து சேர்ந்தது. செய்தியைப் படித்த அன்று நான் திண்டிவனத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

2024-இல் கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் பொம்மை வேஷம் போடுகிறவர்களும் அணிவகுப்பில் ஆடுகிறவர்களும், சுமார் 1,700 பேர், தொழிற்சங்கத்தில் சேர வாக்களித்தார்கள். அந்த வேஷத்துக்குள் யார் யாருக்குப் பிடிக்கும், யார் யாரைக் கண்டால் எரியும் என்று எனக்குத் தெரியாதா என்ன. நானும் அப்படி ஒரு கவுன்டரில் நின்றவள்தான்.

போன வருடம் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் அக்காவைப் பார்த்தேன். கையில் மருந்துக்கடைப் பை. முடி நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "கிளியனூர் பொண்ணுதான நீ?" என்றார். அம்மா எப்படி இருக்கிறார், கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டார். நான் எதையோ சொல்லிக்கொண்டிருந்தேன். அவரே கேட்டார்.

"அதுல நீயும் போட்ட இல்ல?"

"போட்டேன்கா."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு பாண்டிச்சேரிப் பக்கம் கையைக் காட்டி, "சரி, உன் வண்டி வந்துடுச்சி பாரு" என்றார்.